கொசுறுக்கு அபராதம்

என் நாத்தனாருக்குக் கொசுறு இல்லாமல் ஒரு பொருளை இன்னொருவர் கையில் கொடுக்க வராது. பினாங்கின் ஜெலுத்தோங் பாசாரில் புருஷனோடு காய்கறிக் கடை போட்டிருந்த காலத்தில், அரைக் கிலோ வெண்டைக்காய் வாங்கியவருக்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலை, நாலைந்து பச்சை மிளகாய், ஒரு துண்டு இஞ்சி எல்லாம் சும்மாவே போகும். "அப்படியே தராசையும் தூக்கிக் குடுத்துடு" என்று அவள் புருஷன் கிண்டல் செய்வார். அவர் இறந்த பிறகு அந்தக் கடையையும் சுங்கை பினாங்கில் இருந்த வாடகை வீட்டையும் விட்டுவிட்டு எங்கள் அடுக்குமாடி வீட்டுக்கு வந்துசேர்ந்தாள். துணிமணி ஒரு பெட்டி, சாமி படங்கள் ஒரு பெட்டி, மீதி எல்லாம் கறிவேப்பிலைத் தொட்டிகள். வாசலுக்கு வெளியே மாடி நடைபாதையில் கம்பிச் சுவரை ஒட்டி வரிசையாக வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டுச் சீனத்தி அம்மா முறைத்துப் பார்த்ததற்கு அவருக்கும் ஒரு கொத்து.

நான் அவளுக்கு அண்ணி. எங்களுக்குள் வயதில் பெரிய வித்தியாசம் கிடையாது, வாயில்தான் வித்தியாசம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இயந்திரச் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சும்மா தண்ணீர் கேட்டாலே சண்டைக்குக் கூப்பிடுவதுபோல் இருக்கும் என்பார் என் வீட்டுக்காரர். நாத்தனார் அதற்கு நேர்மாறு. எதைச் சொன்னாலும் "சரி அண்ணி" என்பாள், பிறகு தான் நினைத்ததைத்தான் செய்வாள். எதிர்த்துப் பேசுகிறவளோடு சண்டை போட்டு ஜெயிக்கலாம். சரி சரி என்று தலையாட்டுகிறவளை என்ன செய்வது?

அவள் அரைக்கிற மீன் கறித்தூளுக்குப் பாசாரிலேயே நல்ல பெயர். மல்லி, மிளகாய், சோம்பு, வெந்தயம் எல்லாம் தனித்தனியாக வறுத்து மில்லில் கொடுத்து அரைத்துக்கொண்டு வருவாள். வீட்டில் சும்மா உட்கார்ந்து தொலைக்காட்சியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தவளைப் பார்க்கச் சகிக்காமல், ஆன்லைனில் விற்கலாம் என்று நான்தான் ஆரம்பித்து வைத்தேன். கடை அவள் பெயரில். அரைப்பது, கட்டுவது அவள் வேலை. கைப்பேசியில் படம் போடுவது, வருகிற கேள்விகளுக்குப் பதில் எழுதுவது, விதிமுறைகளைப் படிப்பது என் வேலை. பார்சல்களை மோட்டாரில் வைத்து அனுப்புமிடத்தில் கொடுத்துவிட்டு வருவது என் வீட்டுக்காரர் வேலை. அவர் எங்கள் இருவருக்கும் நடுவில் வாயைத் திறக்காமல் இருப்பதையும் ஒரு வேலையாகச் செய்துவந்தார்.

கடை நன்றாகவே ஓடியது. ஈப்போ, கிள்ளான், சிரம்பான் என்று ஆர்டர் வரும். ஒவ்வொரு பார்சலிலும் ஒரு சின்னப் பை மோர் மிளகாய் போகும். அதற்கென்று மொட்டை மாடியில் தட்டுத் தட்டாக மிளகாய் காய வைப்பாள். வாங்கியவர்கள் கறித்தூளைப் பற்றி ஒரு வரி எழுதினால் மோர் மிளகாயைப் பற்றி மூன்று வரி எழுதுவார்கள். நான் வாசித்துக் காட்டுவேன். அவள் பாட்டுக்கு அடுத்த பொட்டலத்தைக் கட்டுவாள். ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டில் கட்டாயம் ஒரு பொரியல் கூடுதலாக இருக்கும்.

அவளுக்கு ஒரே மகன், ஜொகூரில் குடும்பத்தோடு இருக்கிறான். நல்ல பையன். குறை சொல்ல மாட்டேன். இரண்டாவது குழந்தை பிறந்தது, பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி நின்றுவிட்டார், மருமகளும் வேலைக்குப் போகிறவள். வாரா வாரம் போன் செய்து, "எதுக்கும்மா அங்க ஒக்காந்து யாருக்கோ தூள் கட்டிக்கிட்டு இருக்கே? இங்க வந்துடு லா. பேரப்புள்ளைங்கள பாத்துக்கலாம்" என்பான். பேரப்பிள்ளைகள் என்றால் அவளுக்கும் உயிர்தான். ஆனால் போனை வைத்ததும் முகம் சுருங்கிவிடும். ஒருநாள் தானாகவே சொன்னாள்: "அங்க போனா நான் அவன் அம்மா, அவ்ளோதான் அண்ணி. இங்க இருந்தா நான் யாவாரம் பண்றவ."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "போகாதே" என்று சொல்லியிருக்கலாம். என் வாய் அப்படிப் பழகவில்லை. "போறதுன்னா போ, இருக்கறதுன்னா இரு. மூஞ்சிய மட்டும் தூக்கி வச்சுக்காத" என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் விற்பனைத் தளத்திலிருந்து அறிவிப்பு வந்தது. கட்டணம் ஏற்றுகிற செய்தியை மட்டும் எவ்வளவு பிரியமாக எழுதுகிறார்கள். அன்புள்ள விற்பனையாளரே, உங்கள் வளர்ச்சிக்காக, உங்களுக்கு மேலும் சிறப்பான சேவை வழங்க, என்று ஒரு பத்தி முழுக்கக் கொஞ்சல். அதற்குக் கீழே விஷயம். தரகு ஏறுகிறது. ஒவ்வோர் ஆர்டருக்கும் தனியாக ஒரு கட்டணம். பார்சலின் எடையை இனிமேல் இயந்திரம் அளக்கும். நாம் கடையில் குறிப்பிட்ட எடையைவிடக் கூடுதலாக இருந்தால் வித்தியாசத்தை நம்மிடமே பிடிப்பார்கள். பட்டியலில் சொன்ன பொருள் மட்டுமே பார்சலில் இருக்க வேண்டும். மீறினால் அபராதப் புள்ளி. புள்ளிகள் சேர்ந்துகொண்டே போனால் கடையை முடக்கிவிடுவார்கள்.

நான் அதைத் தமிழில் விளக்கிச் சொன்னேன். இரண்டு பொட்டலம் கறித்தூள் சரியாக ஒரு கிலோவுக்குள் நிற்கும். மோர் மிளகாய் ஏறினால் அடுத்த கட்டணப் படிக்குத் தாவிவிடும். "சுண்டக்கா கால் பணம், சுமகூலி முக்கால் பணம்னு ஆயிடும். இனிமே மோர் மொளகா கெடையாது. புரிஞ்சுதா?" என்றேன்.

"சரி அண்ணி."

அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் கணக்கில் வந்து சேர வேண்டிய பணம் இளைத்துப்போய் வந்தது. எடை வித்தியாசம், எடை வித்தியாசம் என்று வரிசையாக எழுதியிருந்தது. அது போதாதென்று சரவாக்கிலிருந்து ஒரு பெண்மணி புகார் செய்திருந்தார். மலாய்க்காரரோ, அந்தப் பக்கத்து ஈபான் இனத்தவரோ, தெரியவில்லை. தவறான பொருள் வந்திருக்கிறது என்ற கட்டத்தைத் தட்டி, மோர் மிளகாயைப் படம் பிடித்துப் போட்டு, "இதை நான் கேட்கவே இல்லை. இது என்ன?" என்று மலாயில் எழுதியிருந்தார். கோபமாகக்கூட எழுதவில்லை. பாவம், உண்மையிலேயே பயந்துபோயிருந்தார். வெளுத்துச் சுருங்கிப்போன மிளகாயைப் பழக்கமில்லாதவர்கள் பார்த்தால் என்னவென்று நினைப்பார்கள்?

தளம் எங்களுக்கு ஓர் அபராதப் புள்ளி போட்டது. நான் வீடு அதிரக் கத்தினேன். நாத்தனார் கைப்பேசியை வாங்கி அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா குடுத்ததுக்கா அண்ணி அவுராதம்?"

"ஆமா. சும்மா குடுத்ததுக்குத்தான்."

"தானமா குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாத்த கதையா இருக்கே" என்றாள். அவளுக்குக் கோபம் வரவில்லை. மனசு விட்டுப்போயிருந்தது, அது எனக்குத் தெரிந்தது. எனக்குத்தான் தாங்கவில்லை. அதனால் இன்னும் சத்தமாகக் கத்தினேன். என் வீட்டுக்காரர் பார்சல் எதுவும் இல்லாமலேயே மோட்டாரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பிறகு நான் ஒரு யோசனை செய்தேன். என் மூளையில் உதித்ததுதான், வேறு யார் மேலும் பழி போட முடியாது. கொசுறையும் ஒரு பொருளாகப் பட்டியலில் போட்டுவிட்டால் விதியை மீறினதாகாதே? சும்மா என்று போட முடியாது, ஏதாவது ஒரு விலை வேண்டும். பத்துக் காசு என்று போட்டேன். கறித்தூள் வாங்குகிறவர்கள் இதையும் சேர்த்துத் தட்டிக்கொள்ளட்டும், எடையும் சரியாகக் கணக்காகும் என்று நினைத்தேன். படமும் நன்றாக எடுத்துப் போட்டேன்.

மறுநாள் காலையில் கைப்பேசி நிற்காமல் மணியடித்தது. ஆர்டர் மேல் ஆர்டர். நாத்தனார் ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "நீங்க கெட்டிக்காரி அண்ணி" என்றாள். நானும் ஒரு நிமிஷம் கெட்டிக்காரியாகவே இருந்தேன். அப்புறம் ஒவ்வோர் ஆர்டராகத் திறந்து பார்த்தேன். எல்லாருமே மோர் மிளகாய் மட்டும்தான் கேட்டிருந்தார்கள். ஒருத்தர்கூடக் கறித்தூள் கேட்கவில்லை. அந்த வாரம் தளம் இலவச டெலிவரிச் சலுகை அறிவித்திருந்தது. பத்துக் காசுக்கு வீட்டு வாசலில் மோர் மிளகாய் வருகிறதென்றால் யார்தான் விடுவார்கள்? ஓசியில் கிடைத்தால் எனக்கு ஒன்று, எங்கப்பனுக்கு ஒன்று. எங்களுக்கோ ஒவ்வோர் ஆர்டருக்கும் அந்தத் தனிக் கட்டணம். வருகிற பத்துக் காசு அதன் ஓரத்துக்குக்கூடக் காணாது.

பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டேன். ஆனால் வந்த ஆர்டர்களை ரத்து செய்தால் அதற்கும் அபராதப் புள்ளி. அந்த வாரம் முழுக்க மூன்று பேரும் மிளகாய் கட்டினோம். மிளகாய்க் கை கண்ணில் பட்டு என் வீட்டுக்காரர் குழாயடியிலேயே குடியிருந்தார். கைவசம் இருந்தது தீர்ந்துபோக, புதிதாக ஊற வைத்து மாடியில் காயப் போட்டோம். பினாங்கு மழைக்கு அது தெரியுமா? சாயங்காலம் ஆனால் கொட்டும். சில பார்சல்கள் தாமதமாகப் போயின. தாமதத்துக்கு இன்னொரு புள்ளி. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது.

ஜொகூரிலிருந்து போன் வந்தபோது அவள் எதையும் மறைக்கவில்லை. அவளுக்கு மறைக்கத் தெரியாது. மகன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எதுக்கும்மா இந்தத் தலவலி? விட்டுட்டு வா" என்றான். நான் சமையலறையில் இருந்தேன். அவள் சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தது. "தீபாவளி வரைக்கும் பாக்குறேன்பா. அதுக்குள்ள கடைய மொடக்கிட்டாங்கன்னா வந்துடுறேன். அண்ணன் அண்ணிக்கும் எத்தன நாளைக்குப் பாரமா இருக்கறது?"

பாரமாம். கரண்டியைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. எறியவில்லை, குழம்பைக் கிண்டினேன். அன்றைக்குக் குழம்பில் உப்பு போட மறந்துவிட்டேன். மூன்று பேரும் அப்படியே சாப்பிட்டோம்.

அதன்பிறகு அவள் கொசுறு போடவில்லை. இந்தத் தடவை "சரி அண்ணி" என்றது நிஜமான சரி. பொட்டலத்தை எடை போடுவாள், பெட்டியில் வைப்பாள், மூடுவாள். கை பாதியில் ஒரு நொடி நிற்கும், பிறகு டேப் ஒட்டும். அதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. திட்டுவதற்கு ஒன்றும் இல்லாத வீடு வீடாகவா இருக்கிறது?

பழைய வாடிக்கையாளர்கள் விடவில்லை. ஈப்போவிலிருந்து ஒருவர், "அக்கா, மோர் மிளகாய் வரவில்லையே, என்மேல் ஏதாவது கோபமா?" என்று எழுதியிருந்தார். கிள்ளானிலிருந்து ஒரு பெண், தான் போன தடவை நான்கு நட்சத்திரம் போட்டதுதான் காரணமா, கை தவறிப் பட்டுவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருந்தாள். கொசுறு போட்டால் தளத்துக்குக் கோபம், போடாவிட்டால் ஜனங்களுக்கு வருத்தம். நான் எல்லாருக்கும் உட்கார்ந்து பதில் எழுதினேன். கோபமெல்லாம் இல்லை, கம்பெனி விதி மாறிவிட்டது என்று. என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது கோலாலம்பூருக்குப் போன ஒரு பார்சலில் பொட்டலம் வெடித்துவிட்டது. வாங்கினவர் வீட்டு மேசையெல்லாம் கறித்தூள். படத்தில் பார்த்தால் ஏதோ பூசை நடந்த இடம்போல் இருந்தது. தளத்திலிருந்து எச்சரிக்கை வந்தது. பெட்டிக்குள் பொருள் ஆடக் கூடாது, காலி இடத்தை எடை குறைந்த பொருளால் நிரப்ப வேண்டும் என்பது விதி; இன்னொரு புகார் வந்தால் கடை முடக்கப்படும்.

நான் வாசித்துவிட்டுத் தளத்தை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அடைக்கிற பிளாஸ்டிக் வாங்குவதற்குக் காசு யார் கொடுப்பது, பழைய பேப்பர் கசக்கிப் போட்டால் மை ஒட்டும் என்றெல்லாம் சத்தம் போட்டேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "அந்த வெதிய இன்னொரு வாட்டி படிங்க அண்ணி" என்றாள்.

படித்தேன்.

"எட கொறஞ்ச பொருள்னா, எதுவா இருந்தாலும் சரியா?"

"காத்தக்கூட அடைக்கலாம். இப்ப அதுக்கென்ன?"

அவள் எழுந்து நடைபாதைக்குப் போனாள். கத்தரிக்கோல் சத்தம் கேட்டது.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் கறிவேப்பிலை எல்லாம் நிழலில் காய்ந்து, கையில் எடுத்தால் சருகாக நொறுங்குகிற பதத்தில் இருந்தது. அவள் அதைச் சின்னச் சின்னப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு, உள்ளே காற்றைப் பிடித்துச் சூட்டில் ஒட்டினாள். உருளைக்கிழங்கு வறுவல் பாக்கெட்போல ஒவ்வொன்றும் உப்பிக்கொண்டு நின்றது. கறித்தூள் பொட்டலத்தைச் சுற்றி நாலு பக்கமும் அதைச் செருகினாள். பெட்டியைக் குலுக்கினாள். அசையவில்லை. தராசில் வைத்தாள். முள் ஏறின மாதிரியே தெரியவில்லை.

"இது கொசுறு இல்ல அண்ணி" என்றாள். "பேக்கிங்."

நான் சிரித்துவிட்டேன். அடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தேன். என் வீட்டுக்காரர் என்னமோ ஏதோ என்று குளியலறையிலிருந்து ஈரத்தலையோடு வந்து எட்டிப் பார்த்தார். நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை, அடுத்த பெட்டியைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் போன்றவர்கள் விதியைத் திட்டத்தான் லாயக்கு.

ஆனாலும் ஒருவர் புகார் செய்தால் தீர்ந்தது கதை. முதல் வாரம் கைப்பேசி மணியடித்தாலே அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கட்டணம் ஏறின அளவுக்கு விலையையும் ஏற்றியிருந்தோம். அதற்கு வேறு என்ன சொல்வார்களோ என்ற பயம். பட்டியலில் பொருள் விவரத்துக்குக் கீழே, "உடையாமல் இருக்கக் கறிவேப்பிலையால் அடைத்து அனுப்பப்படும்" என்று தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்று மொழியிலும் எழுதிவைத்தேன். சரவாக்குக்காரப் பெண்மணி போல இன்னொருவர் மிரண்டுவிடக் கூடாதல்லவா?

யாரும் புகார் செய்யவில்லை. ஈப்போக்காரர், அடைத்த சாமானை எடுத்து ரசத்துக்குத் தாளித்தேன், தவறில்லையே என்று கேட்டிருந்தார். ஒருவர் அடைக்கிற சாமானைக் கொஞ்சம் தாராளமாகப் போடச் சொன்னார். தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் குவிந்தது. நடைபாதைச் செடிகள் மொட்டையடித்த தலைபோல் நின்றன. பக்கத்து வீட்டுச் சீனத்தி அம்மா தன் தம்பியைப் பாலிக் புலாவுக்கு விரட்டி, அங்கே தெரிந்தவர் தோட்டத்திலிருந்து ஒரு சாக்குக் கறிவேப்பிலை கொண்டுவரச் செய்தார். இத்தனை நாள் வாங்கின கொத்துகளுக்குப் பதில் போலிருக்கிறது.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கையில் மகன் குடும்பத்தோடு வந்தான். கூடமெங்கும் பெட்டிகள். குழந்தையைக் கீழே விட இடமில்லை. அவன் கைகால் கழுவிவிட்டு வந்து தானும் உட்கார்ந்து டேப் ஒட்டினான். கடை நிற்கவில்லை என்பது அவனுக்கே தெரிந்தது. ஆனாலும் பிள்ளை, கேட்காமல் இருப்பானா? சாப்பிட்டு முடித்து எல்லாரும் கூடத்தில் இருக்கும்போது மெதுவாக ஆரம்பித்தான்.

"கட நல்லாத்தான் ஓடுது. நான் ஒண்ணும் சொல்லலம்மா. பண்டிக முடிஞ்சதும் ஒரு மூணு மாசம் மட்டும் வந்து இருந்துட்டுப் போயேன்."

மூன்று மாதம் என்று போனால் திரும்பி வருவாளா? பேத்தி அவள் மடியில்தான் படுத்திருந்தது. அதன் தலையைத் தடவிக்கொண்டே அவள் சொன்னாள்:

"லீவு கெடைக்காதுப்பா."

அவன் சிரித்தான். "ஒன் கடைக்கு யாரும்மா ஒனக்கு லீவு குடுக்கணும்?"

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அத்தைய கேளு" என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரரும் பார்த்தார். பேசிப் பேசியே வாழ்ந்தவளுக்கு அன்றைக்குக் குரல் எனக்கே அடையாளம் தெரியாத மாதிரி மெல்ல வந்தது.

"குடுக்க மாட்டேன்" என்றேன். "இது அவ வீடு. நீங்க வந்து அவளப் பாத்துட்டுப் போங்க."